பாறையில் வேலிக்கால்

வேலி போடுவது சுலபமான காரியம் என்று எண்ணுகிறவர் தஞ்சை ஜில்லாவில் பிறந்தவராக இருக்கவேண்டும். அங்கே கழியை ஊன்றினால் கழி இறங்கும்; கல்லைக் கண்ணால் பார்க்கவேண்டுமானால் கோயிலுக்குத்தான் போகவேண்டும். அப்படிப்பட்டவர் நாமக்கல் ஜில்லாவில், ராசிபுரத்துக்கு அருகே உள்ள வெண்ணந்தூர்ப் பக்கம் வந்து ஒரே ஒரு குழி தோண்டிப் பார்க்கட்டும். பூமாதேவியின் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு என்பது அப்போது விளங்கும். மேலே ஒரு சாண் செம்மண். அதன் கீழே சரளை. அதன் கீழே சுக்கான்கல். நடுநடுவே பல்லைக் காட்டும் வெங்கச்சங்கல். இவ்வளவையும் தாண்டினால் பாறை. அலவாய்மலை அடிவாரத்துக் காடுகள் சிலவற்றில் இந்த மரியாதைப் படிகள் ஒன்றுமே இல்லை. முதல் அடியிலேயே பாறை, "யார் அது?" என்று கேட்கும். (மானாவாரி நிலத்துக்குத்தான் கொங்கு நாட்டில் காடு என்று பெயர். புலி வரும் என்று யாரும் பயப்படவேண்டாம்.)

இந்தக் கல்லின் வயதைக் கேட்டால் தலை சுற்றும். சேலம், நாமக்கல் சமவெளியின் அடிப்பாறைகளுக்கு ஏறக்குறைய 250 கோடி வருஷம் ஆகிறது என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதன் முன்னால் ஹிமயமலை நேற்றுப் பிறந்த குழந்தை. இந்தப் பாறைகளில் ஒரு வகைக் கருங்கல்லுக்குச் சார்னகைட் என்று சாஸ்திரத்தில் பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்னும் ஆங்கிலேய வர்த்தகரின் கல்லறை மேல் இருக்கும் கல் நம் சென்னைப் பக்கத்துக் கல்தான். அதை ஆராய்ந்த ஹாலந்து என்ற பூகர்ப்ப சாஸ்திரி 1893-ல் இந்தப் பெயரைச் சூட்டினார். நம் ஊர்க் கல்லுக்கு ஒரு வெள்ளைக்காரரின் பெயர் வாய்த்ததே தவிர, அதனால் கல்லின் பிடிவாதம் எள்ளளவும் குறையவில்லை.

இப்போது குழி தோண்ட யந்திரம் வந்திருக்கிறது. தச்சர் மரத்தில் துளைபோடும் துரப்பணத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, டிராக்டரின் பின்னால் மாட்டினால் எப்படி இருக்கும்? அதுதான். டிராக்டரின் பின்பக்கத்து பி.டி.ஓ. தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்றுச் சுற்றும். கியர் பாக்ஸ் எனப்படும் பல்சக்கரப் பெட்டி அந்த வேகத்தைக் குறைத்துப் பலமாக மாற்றித் திருகுக்குக் கொடுக்கிறது. நல்ல மண்ணாக இருந்தால், இரண்டு பேர் நின்று வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் ஒரு குழி தயார். கையில் பிடித்துக்கொண்டு தோண்டும் சிறிய பெட்ரோல் யந்திரங்களும் வாடகைக்குக் கிடைக்கின்றன. யந்திரத்தை வேண்டாம் என்று சொல்லும் கட்சியைச் சேர்ந்தவனல்ல நான். முப்பது குழியைக் கடப்பாரையால் தோண்டியவனுடைய தோள்பட்டையைக் கேட்டால் யந்திரத்தின் மகிமையை அது சொல்லும்.

ஆனால் திருகு என்பது மண்ணுக்கு ஏற்பட்ட கருவி. மண்ணை அது வெட்டிச் சுருட்டி மேலே தள்ளும். பாறையை அப்படிச் சுருட்ட முடியாது. திருகின் பல் பாறையில் மாட்டியதும் சுற்று நிற்கிறது. ஆனால் டிராக்டரின் எஞ்சின் நிற்கவில்லை. அந்தப் பலம் எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும்? எங்கே போகவேண்டும் என்பதை யந்திரத்தை அமைத்தவர்கள் முன்கூட்டியே யோசித்து, தண்டு சேரும் இடத்தில் ஷியர் போல்ட் என்று ஒரு மெல்லிய போல்ட்டை வைத்திருக்கிறார்கள். நெருக்கடி வந்தால் அது முதலில் அறுபடும். அறுந்ததும் தண்டு வெறுமனே சுற்றும், பல்சக்கரம் பிழைத்துக்கொள்ளும். தறியில் நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டுவிடலாம் என்பதை நெசவுக்குப் பெயர்போன வெண்ணந்தூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அறுபடவேண்டிய இடத்தில் அறுவது நஷ்டமல்ல.

கஷ்டம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. வாடகை டிராக்டர் மணிக்கணக்கில் ஓடுகிறது. நிலக்காரருக்கு அவசரம், ஓட்டுகிறவருக்கு அடுத்த ஊரில் வேலை.

"அண்ணா, பாறைங்க. இனி எறங்காதுங்க" என்கிறார் ஓட்டுகிறவர்.

"இன்னும் அரையடிதானே தம்பி, கொஞ்சம் அமுக்கிப் பாரு" என்கிறார் நிலக்காரர்.

அமுக்குகிறார்கள். போல்ட் அறுகிறது. புதுப் போல்ட் போடுகிறார்கள், அதுவும் அறுகிறது. மூன்றாவது தடவை யாருக்கோ ஒரு யுக்தி தோன்றுகிறது: டிராக்டரின் பெட்டியில் கிடக்கும் கெட்டியான போல்ட் ஒன்றை எடுத்து மாட்டிவிடுகிறார்கள். அது அறுவதில்லை. அதற்குப் பதிலாகப் பல்சக்கரத்தின் பல் போகிறது. அல்லது தண்டு முறுக்கிக்கொள்கிறது. ஒரு டம்ளர் டீயின் விலையில் முடிந்திருக்கவேண்டிய சேதம் ஒரு மாதச் சம்பாத்தியத்தை விழுங்கிவிடுகிறது. அப்புறம் யார் கொடுப்பது என்ற வழக்கு வரும். அமுக்கச் சொன்னவரா, அமுக்கினவரா? வேலி போட்டது அண்டை வீட்டாரோடு சண்டை வராமலிருக்க. வந்ததோ டிராக்டர்க்காரரோடு சண்டை.

இதைவிட மோசமான வழக்கம் ஒன்று உண்டு. திருகு இறங்கவில்லை என்றால் பாரத்துக்காக ஓர் ஆளை அதன் சட்டத்தின்மேல் ஏறி நிற்கச் சொல்லுகிறார்கள். சுற்றுகிற தண்டுக்கு வேஷ்டி என்றும் துண்டு என்றும் பேதம் தெரியாது. நுனி பட்டால் ஆளையே சுருட்டிவிடும். தண்டின்மேல் உறை இல்லாத யந்திரத்தை, வாடகை பாதியாக இருந்தாலும், காட்டுக்குள் விடவேண்டாம். கை யந்திரமும் லேசானதல்ல. திருகு கல்லில் மாட்டினால் யந்திரத்தின் உடம்பு எதிர்ப்பக்கம் சுழன்று மணிக்கட்டை முறுக்கும். திருகு சிக்கிக்கொண்டால் எஞ்சினை முழுவதும் நிறுத்திவிட்டு, பைப் ஸ்பானரால் கையாலேயே பின்பக்கமாகத் திருப்பி எடுக்கவேண்டும். டிராக்டரின் தூக்கியைக் கொண்டு வெடுக்கென்று இழுத்தால் திருகு வளைந்துதான் வெளியே வரும்.

அப்படியானால் பாறையை என்னதான் செய்வது? நசுக்குவதற்குக் கருங்கல் மகா பலசாலி. பிளப்பதற்கு அவ்வளவு இல்லை. நசுக்க வேண்டிய பலத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே போதும், கல் பிளந்துவிடும். ஆகவே அதைத் திருகக்கூடாது, அடிக்கவேண்டும். இதற்கு அத்தாட்சி தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. பக்கத்துத் தாலுகாவான திருச்செங்கோடு தேசம் முழுவதற்கும் ஆழ்குழாய்க் கிணறு லாரிகளை அனுப்பும் ஊர். வடநாட்டுச் சாலைகளில்கூடத் திருச்செங்கோட்டு லாரியைப் பார்க்கலாம். அந்த யந்திரம் நூற்றுக்கணக்கான அடி பாறையைத் துளைப்பது திருகினால் அல்ல. காற்றழுத்தத்தால் இயங்கும் சுத்தியல் ஒன்று துளையின் அடியிலேயே போய் உட்கார்ந்துகொண்டு நிமிஷத்துக்கு 1,000-க்கு மேற்பட்ட அடி அடிக்கிறது. குழாயும் சுற்றத்தான் செய்கிறது. ஆனால் நிமிஷத்துக்கு 20, 30 சுற்றுதான். அந்தச் சுற்றுக்கூடப் பாறையை அரைப்பதற்கல்ல. ஒவ்வோர் அடியும் புது இடத்தில் விழுவதற்காக. இந்த வகை யந்திரங்களை 1967-ல், வறட்சிக் காலத்தில், யுனிசெப் ஸ்தாபனம் நம் தேசத்துக் கடும்பாறைப் பிரதேசங்களுக்குக் கொண்டுவந்தது.

இப்போது கடப்பாரை பிடிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கவனியுங்கள். ஓர் அடி, பாரையைக் கால்வாசி திருப்புகிறார், மறுபடி ஓர் அடி. நுனி ஒரே பள்ளத்தில் இரண்டு தடவை விழுவதில்லை. திருச்செங்கோட்டு லாரி எஞ்சினைக் கொண்டு செய்வதை இவர் இரண்டு கைகளைக் கொண்டு செய்கிறார். வேகத்தில்தான் வித்தியாசம். இளைஞர்கள் கடப்பாரையைத் தலைக்கு மேல் தூக்கி முழுப் பலத்தோடு இறக்குவதைப் பார்க்கிறேன். பாரையின் எடையே வேலை செய்யும். அதை நேராக விழவிட்டு, பிடியைச் சற்றுத் தளர்த்தினால் அதிர்ச்சி தோளுக்கு ஏறாது. நாள் முழுவதும் தோண்டவேண்டியவனுக்கு இது சின்ன விஷயமல்ல.

குழி வெட்டுவதற்கு முன்னாலேயே பாதி வேலை இருக்கிறது. கயிறு பிடித்த கோட்டில், கூரான இரும்புக் கம்பி ஒன்றைக் கால் வரும் இடந்தோறும் அடித்துப் பார்க்கவேண்டும். தொப்பென்று இறங்கினால் மண். கரகரவென்று இறங்கினால் சரளை. கணீரென்று சொல்லிக் கம்பி துள்ளினால் கல். கல் என்றால் உடனே மனம் தளரவேண்டாம். அரையடி தள்ளி இரண்டு பக்கமும் அடித்துப் பாருங்கள். அங்கே இறங்கினால் அது புதைந்து கிடக்கும் உருண்டைக் கல்தான். பக்கத்தில் மண்ணைப் பறித்து நெம்பி எடுத்துவிடலாம். நான்கு பக்கமும் கணீரென்றால் அடிப்பாறை. அப்போது காலை அரையடி, ஓரடி கோட்டோடு நகர்த்திவிடுவதே புத்திசாலித்தனம். காலுக்குக் கால் எட்டடியா ஒன்பதடியா என்று மாடு அளந்து பார்க்கப்போவதில்லை. அங்கங்கே நிறத்துக்கொரு சுண்ணாம்புப் பொட்டு வைத்துவிட்டால், எந்தக் குழிக்கு யந்திரம், எந்தக் குழிக்குக் கடப்பாரை என்பது டிராக்டர் வருவதற்கு முந்தின நாளே தெரிந்துவிடும். மண் குழிக்குக் குழி ஒன்றுக்கு இவ்வளவு என்றும், பாறைக் குழிக்கு நாள் கூலி என்றும் பேசிக்கொள்ளலாம். குழிக் கணக்கில் பாறையை ஒப்படைத்தால் ஆளும் கெடுவான், ஆயுதமும் கெடும் என்பது என் அபிப்பிராயம்.

தண்ணீரைப் போன்ற உதவியாள் வேறு இல்லை. கோடையில் செங்கல்லாய் இறுகிக் கிடக்கும் செம்மண்ணும் சுக்கான்கல்லும், சாயங்காலம் ஒரு சாண் பள்ளம் பறித்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வைத்தால், விடிவதற்குள் இளகியிருக்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு தோண்டினால் இந்தக் குடமும் வேண்டியதில்லை. பங்குனியில் வேலி போடத் துணிகிறவர் நிலத்தோடு மட்டுமல்ல, பஞ்சாங்கத்தோடும் சண்டை போடுகிறார். குறுகிய குழியின் அடியிலிருந்து மண் அள்ளத் தேங்காய்த் தொட்டியைவிடச் சிறந்த கருவியை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. மண்வெட்டியை உள்ளே நுழைக்கப் பார்த்தால் குழி அகலமாகும். அகலமான குழியில் கால் ஆடும்.

ஆயுதம் கெடாமலிருக்க வேண்டுமானால் கொல்லுப் பட்டறையை மறக்கக்கூடாது. கடப்பாரையின் நுனி மழுங்கிவிட்டால், அடிக்கிற அடியெல்லாம் கல்லுக்குள் போகாமல் கைக்கே திரும்பி வருகிறது. பட்டறையில் நுனியைச் சிவக்கக் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, தண்ணீரில் தோய்த்துத் துவைச்சல் கொடுப்பார்கள். இதில்தான் கொல்லருடைய கண் வேலை செய்கிறது. முற்றும் கடினமாகிவிட்டால் நுனி கண்ணாடிபோல் தெறிக்கும். மெத்தென்று விட்டுவிட்டால் இரண்டு குழியில் மடங்கும். தோய்த்த இரும்பில் உள்ளிருந்து சூடு திரும்பி வரும்போது வைக்கோல் நிறம் ஓடி, பழுப்பாகி, நீலமாக மாறும். இன்ன நிறத்தில் மறுபடி நனைக்கவேண்டும் என்று ஒவ்வொரு கைக்கும் ஒரு கணக்கு உண்டு. சேலம் ஜில்லாவின் இரும்புக்கல்லை நம்பி 1830-களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் பெரிய ஆலை வைத்து நடத்திப் பார்த்தார், அது நிலைக்கவில்லை. தெருக்கோடியில் துருத்தி ஊதுகிற பட்டறைகளோ அதற்குப் பின்னும் வெகுகாலம் இருந்தன. இப்போது அவையும் அருகிவருகின்றன. கூர் மழுங்கிய பாரையை எறிந்துவிட்டுக் கடையில் புதுப் பாரை வாங்குவது வழக்கமாகிவிட்டது. புதுப் பாரையிலும் துவைச்சல் சரியாக இருக்குமா என்பது அடித்த பிறகே தெரியும்.

உளியின் தலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சம்மட்டி அடி வாங்கி வாங்கி அது காளான் குடைபோல் விரிந்துவிடும். அந்த ஓரம் ஒரு நாள் தெறித்துக் கண்ணுக்குப் போகும். விரிந்த உளியைச் சாணையில் தேய்க்காமல் எடுக்கவே கூடாது. கடப்பாரையின் தலையில் சம்மட்டியால் போடுவதும் வேண்டாம். அது அதற்காக ஏற்பட்டதல்ல. பெரிய கல்லின் அடியில் செருகி இரண்டு பேராகத் தொங்கி நெம்பினால் பாரை வளையும். கீழே ஒரு கல்லை முட்டுக்கொடுத்துச் சிறுகச் சிறுகக் கிளப்பினால் வளையாது.

நகர்த்தவும் முடியாமல் நெம்பவும் முடியாமல் ஒரு கல் குழிக்குள் குந்திக்கொண்டிருந்தால், விடை நடப்போகிற கல்லுக்காலிலேயே எழுதியிருக்கிறது. கொங்கு நாட்டு வேலிக் கல்லுக்கால்களின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். பல்வரிசைபோல் வரிசையாகப் பாதிக் குழிகள் தெரியும். கல்லுடைக்கிறவர்கள் உளியால் ஒரே கோட்டில் குழி எடுத்து, ஒவ்வொன்றிலும் இரும்பு ஆப்பைச் செருகி, ஒன்று மாற்றி ஒன்றாகத் தட்டிக்கொண்டே போன அடையாளம் அது. ஒரே ஆப்பில் பலத்தையெல்லாம் காட்டமாட்டார்கள். எல்லா ஆப்பும் ஒரே சமயம் இறுகினதும் சற்று நேரம் சும்மா இருப்பார்கள். கல் தானாகவே விரல்விட்டு எண்ணுகிறாற்போல் டப்டப்பென்று பேசி, நூல் பிடித்த மாதிரி பிளக்கும். இப்படிப் பாறையிலிருந்து பிரித்தெடுத்த காலை மறுபடியும் பாறையில் நட நாம் இந்தப் பாடு படுகிறோம் என்பது வேறு விஷயம். குழிக்குள் இருக்கும் கல்லுக்கும் இதே வைத்தியம்தான்: மூன்று துளை, மூன்று ஆப்பு, கொஞ்சம் பொறுமை. கிணறு வெட்டுகிறவர்களிடம் இருக்கும் டிராக்டர் கம்ப்ரஸர் கிடைத்தால் துளை போடுவது இன்னும் சுலபம்.

"ஒரு சின்ன வெடி வைத்தால் போச்சு" என்று யோசனை சொல்லுகிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு. 1884-ஆம் வருஷத்து வெடிபொருள் சட்டமும் 2008-ஆம் வருஷத்து விதிகளும் லைசென்ஸ் இல்லாமல் அதைத் தொடக்கூடாது என்கின்றன. இரண்டடிக் குழிக்காகக் கிணற்றுச் சுவரையும் விரல்களையும் பணயம் வைப்பானேன்?

பாறை மேலேயே படர்ந்து கிடக்கும் இடத்தில் குழி என்ற எண்ணத்தையே விட்டுவிடலாம். ஓரங்குல அகலத்தில் ஓரடி ஆழத்துக்குத் துளை போட்டு, உள்ளே இருக்கும் தூளை ஊதிச் சுத்தமாக எடுத்துவிட்டு, முறுக்குக் கம்பியை நிறுத்திச் சிமெண்டுக் குழம்பு வார்த்தால் இரும்புக் காலை அதோடு கட்டிவிடலாம். தூள் தங்கினால் சிமெண்டு பாறையைப் பிடிக்காது. அந்தத் தூளை மூச்சில் இழுப்பதும் கூடாது. கருங்கல் தூளில் உள்ள சிலிகா நுரையீரலில் தங்கி, வருஷக்கணக்கில் அதை இறுக்கிவிடும். துளை போடும்போது தண்ணீர் விட்டுக்கொண்டே போட்டால் தூள் பறக்காது. மூக்கில் துணி கட்டினால் போதும் என்பது வெறும் மனச் சமாதானம்.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பழைய கொங்கு விவசாயி சிரிப்பார். அவருடைய கொறங்காட்டுக்குக் கம்பியும் கிடையாது, கல்லுக்காலும் கிடையாது. சுற்றிலும் கிளுவை வேலி. மழைக்கு முன் கிளுவைப் போத்தைக் கடப்பாரைத் துளையில் நெருக்கமாக நட்டுவிட்டால், ஒரு சாண் மண் இருந்தாலும் அது வேர்பிடித்து முள்ளோடு தழைக்கும். காங்கேயம் மாடுகளைத் தலைமுறை தலைமுறையாக அந்த வேலிதான் உள்ளே நிறுத்தி வைத்தது. முள்கம்பிக்கு அமெரிக்காவில் கிளிட்டன் என்பவர் 1874-ல் பேடண்ட் வாங்குவதற்கு வெகு முன்பிருந்தே நமக்கு முள் இருந்தது. கிளுவை தழைக்க வருஷங்கள் ஆகும் என்பதும், இடத்தைச் சற்று அதிகமாக எடுத்துக்கொள்ளும் என்பதும் உண்மைதான். ஆனால் கோடு முழுவதும் ஒரே விதமான வேலி இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. குழி இறங்குகிற இடத்தில் கல்லுக்கால். இறங்காத இடத்தில் கிளுவை. நடுவில் கம்பி ஓடினால் ஓடட்டும்.

காலை நடும்போது, ஏழடிக் கல்லுக்கால் என்றால் இரண்டடி உள்ளே இருக்கவேண்டும். குழியிலிருந்து வந்த கல்லையே காலைச் சுற்றி ஆப்புபோல் செருகி, மண்ணும் சரளையுமாகத் தட்டுத்தட்டாய்ப் போட்டு, தண்ணீர் தெளித்து, கடப்பாரையின் மொட்டைப் பக்கத்தால் இடித்தால் கான்கிரீட்டுக்கு அவ்வளவாக வேலையில்லை. மூலைக்கால்களின் சங்கதி வேறு. இரண்டு பக்கத்துக் கம்பியின் இழுப்பும் அவற்றின் தலையில்தான் விழுகிறது. அவற்றுக்குச் சாய்வாக முட்டுக்கால் வேண்டும். அந்த முட்டுக்காலுக்கும் ஒரு குழி வேண்டும். எல்லைக்கல் இருக்கும் இடத்தை விட்டு அவற்றை அரையடிகூட நகர்த்த முடியாது. அங்கே பாறை வந்தால் ஒரு நாள் முழுவதும் செலவானாலும் இரண்டடியை எடுத்தே தீரவேண்டும். ஆகவே மூலைக்குழிகளை முதலில் கடப்பாரையால் தோண்டி முடித்துவிட்டு, அதற்கு அப்புறம் டிராக்டருக்குச் சொல்லி அனுப்புங்கள்.